13 தப்பு பண்ணவனை பெஞ்சுல உட்கார வைக்கலாமா?

நவம்பர் 2006. அமெரிக்காவுல ஒரு சின்ன காலேஜ். ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் காலேஜ் டீமுக்காக முதல் பாஸ்கெட்பால் மேட்ச் ஆடுறான். ஒல்லிக்குச்சி உடம்பு, பச்சப்புள்ள முகம். மேட்ச் முடிஞ்சப்போ அவன் கணக்குல 15 பாயின்ட். பரவாயில்லையேன்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. அதே மேட்ச்ல அவன் பந்தை எதிரணிகிட்ட பறிகொடுத்தது 13 தடவை!

பாஸ்கெட்பால் ஆடுற ஃப்ரெண்ட்ஸுக்கு இது எவ்வளவு கொடுமைன்னு தெரியும். ஆடாதவங்களுக்காக: ஒரு மேட்ச்ல ஒரு ஆளு 4 தடவை பந்தைப் பறிகொடுத்தாலே பி.டி. சார் முறைக்க ஆரம்பிச்சிடுவார். 13ன்னா அடுத்த மேட்சுக்கு டிரஸ்ஸே தர மாட்டாங்க.

ஆனா அந்த காலேஜ் கோச் பாப் மெக்கிலாப், பையனைத் தூக்கி ஓரமா வைக்கலை. தொடர்ந்து ஆட விட்டார். மறுநாள் மிச்சிகன் யுனிவர்சிட்டிங்கிற பெரிய டீமுக்கு எதிரா அந்தப் பையன் அடிச்சது 32 பாயின்ட்.

பையன் பேரு ஸ்டீஃபன் கரி. காலேஜ் பேரு டேவிட்சன். மீதிக் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். என்.பி.ஏ.வுல 4 சாம்பியன்ஷிப், 2 தடவை எம்.வி.பி., 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல தங்கம். ஆனா நாம பேசப்போறது அந்த என்.பி.ஏ. கரியைப் பத்தி இல்லை. காலேஜ்ல மூணு வருஷம் படிச்ச கரியைப் பத்தி. ஏன்னா, ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் சாயங்காலம் நாலரை மணிக்கு பேக்கைத் தூக்கிப் போட்டுட்டு கோர்ட்டுக்கு ஓடுற நம்மளுக்கு உபயோகமான கதை அதுலதான் இருக்கு. அதுவும் நீங்க பாயின்ட் கார்டா இருந்தா கண்டிப்பா படிங்க!

தேருக்குக் கட்டை போடுறவர்

அது என்ன பாயின்ட் கார்டு? டீம்ல அஞ்சு பேர். அதுல ஒண்ணாம் நம்பர் பொசிஷன் இவருக்கு. பந்தை நம்ம பக்கத்துல இருந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோறது, யாருக்கு எப்போ பாஸ் கொடுக்கணும்னு முடிவு பண்றது, எந்த ப்ளே ஆடணும்னு விரலைக் காட்டிச் சொல்றது எல்லாமே இவர் வேலை. கிரிக்கெட் கேப்டனுக்காவது ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல யோசிக்க நேரம் இருக்கு. இவர் ஓடிக்கிட்டே யோசிக்கணும். பந்து கைக்கு வந்த 8 செகண்டுக்குள்ள பாதிக் கோட்டைத் தாண்டணும். 24 செகண்டுக்குள்ள டீம் ரிங்கை நோக்கி அடிச்சாகணும். இல்லைன்னா பந்து எதிரணிக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் பார்த்திருப்பீங்க. வடம் பிடிச்சு இழுக்கிறது ஆயிரக்கணக்கான ஜனம். ஆனா அவ்ளோ பெரிய தேர் எந்தப் பக்கம் திரும்பணும், எங்க நிக்கணும்னு தீர்மானிக்கிறது யாரு? சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுறாரே, அவர்தான். வடம் பிடிச்சவங்களை எல்லாரும் பார்ப்பாங்க. கட்டை போடுறவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாங்க. அவர் ஒரு நிமிஷம் அசந்தா தேர் வீட்டுச் சுவத்துல முட்டிடும்! பேச்சு வழக்குல முட்டுக்கட்டைன்னா தடங்கல்னு அர்த்தம். தேரோடுற வீதியில மட்டும் அதுதான் ஸ்டியரிங், அதுதான் பிரேக். பாயின்ட் கார்டு வேலையும் அச்சு அசல் இதேதான்.

இதனாலதான் பாயின்ட் கார்டுகிட்ட திறமை இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம். உயரமான பையன் ரீபவுண்ட் எடுத்தா கண்ணுக்குத் தெரியும். தூரத்துல இருந்து போட்டா ஸ்கோர்போர்டுல தெரியும். 'இப்போ அடிக்க வேணாம், கொஞ்சம் நிதானமா ஆடுவோம்'னு ஒருத்தர் எடுத்த முடிவு எந்த போர்டுல தெரியும்?

சின்ன ஊரு, சின்ன காலேஜ்

கரியோட அப்பா டெல் கரி, என்.பி.ஏ. பிளேயர். அப்போ ஈஸியா சீட் கிடைச்சிருக்குமேன்னு நினைப்பீங்க. அதுதான் இல்லை. அப்பா படிச்ச வர்ஜீனியா டெக் கூட ஸ்காலர்ஷிப் தரலை. 'வேணும்னா வந்து சேர்ந்துக்கோ, பார்க்கலாம்'ங்கிற மாதிரிதான் சொன்னாங்க. பையன் ஒல்லி, குட்டை, தாக்குப் பிடிக்க மாட்டான்ங்கிறது பெரிய காலேஜ்களோட கணிப்பு.

கடைசியில கிடைச்சது நார்த் கரோலினாவுல டேவிட்சன் காலேஜ். மொத்த மாணவர்களே 2,000 பேருக்கும் குறைவு. நம்ம பக்கத்துல பல இன்ஜினீயரிங் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயரும் செகண்ட் இயரும் சேர்ந்தாலே இந்தக் கூட்டம் வந்துடும்! தேசிய அளவிலான என்.சி.ஏ.ஏ. போட்டியில டேவிட்சன் 1969க்கு அப்புறம் ஒரு மேட்ச் கூட ஜெயிச்சதில்லை.

இந்த டீம்தான் 2008ல ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க! முதல்ல கொன்சாகா. கரி 40 பாயின்ட், அதுல 30 செகண்ட் ஹாஃப்ல. அடுத்து ஜார்ஜ்டவுன். 17 பாயின்ட் பின்தங்கி இருந்து, திரும்பி வந்து 74-70ல ஜெயம். அப்புறம் விஸ்கான்சின், 73-56. இந்த விஸ்கான்சின் மேட்சைப் பார்க்க, காலேஜ் ட்ரஸ்டிகளே பஸ், டிக்கெட், தங்குற இடம்னு காசு போட்டு ஸ்டூடன்ட்ஸை டெட்ராய்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நம்ம மேனேஜ்மென்ட் கவனத்துக்கு... சும்மா ஒரு தகவலுக்காகச் சொன்னேன் சார்!

கடைசி 17 செகண்ட்

டெட்ராய்ட்ல எதிரணி கான்சஸ். அந்த வருஷம் சாம்பியன் ஆன டீம். சுமார் 17 செகண்ட் மிச்சம். கான்சஸ் 59, டேவிட்சன் 57. பந்து டேவிட்சன் கையில.

கரி பந்தை எடுத்துட்டு வர்றார். ரெண்டு பேர் வந்து மறிச்சிட்டாங்க. அடிக்க இடமே இல்லை. அவர் என்ன பண்ணார்? பாஸ் கொடுத்தார். யாருக்கு? ஜேசன் ரிச்சர்ட்ஸுக்கு. ரிச்சர்ட்ஸ் தூரத்துல இருந்து அடிச்ச பந்து ரிங்குல விழலை. பலகையில பட்டு விலகிருச்சு. மேட்ச் ஓவர்.

இந்த ரிச்சர்ட்ஸ் யாருன்னு பல பேருக்குத் தெரியாது. அந்த டீமோட நிஜமான பாயின்ட் கார்டு அவர்தான். ஆமாங்க, காலேஜ்ல முதல் ரெண்டு வருஷம் கரி பாயின்ட் கார்டே இல்லை! அவர் ஷூட்டிங் கார்டு. பந்தைக் கொண்டுவந்து கொடுத்தது ரிச்சர்ட்ஸ், அடிச்சது கரி. 2007-08 சீசன்ல அமெரிக்க காலேஜ்கள்லயே மேட்சுக்கு அதிக அசிஸ்ட் கொடுத்தவர் ரிச்சர்ட்ஸ்தான். சராசரி 8.1. அதே சீசன்ல கரி 162 த்ரீ பாயின்ட்டர் போட்டு புது ரெக்கார்டு வெச்சார். அந்த 162ல எத்தனையோ பந்து ரிச்சர்ட்ஸ் கையில இருந்து வந்தது.

ஃபைனல் இயர் முடிச்சு ரிச்சர்ட்ஸ் கிளம்பிட்டார். கரிக்கு அப்பவே என்.பி.ஏ. போக வாய்ப்பு இருந்தது. அவர் போகலை. இன்னொரு வருஷம் காலேஜ்லயே இருந்தார். காரணம்? பாயின்ட் கார்டு வேலையைக் கத்துக்கணும்.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. நாட்டுலயே பேசப்படுற ஒரு ஷூட்டர். அவர் நம்பர் பேசும், கூட்டம் கத்தும். இருந்தாலும், 'எனக்கு இன்னொருத்தர் செஞ்ச வேலை தெரியாது, அதைக் கத்துக்கிட்டுதான் போவேன்'னு உட்கார்றார். நம்மள்ல எத்தனை பேர் இதைச் செய்வோம்?

மூணாவது வருஷம்: நம்பர் சொல்றதும் சொல்லாததும்

முதல் வருஷம் மேட்சுக்கு 2.8 அசிஸ்ட். ரெண்டாவது வருஷம் 2.9. மூணாவது வருஷம் 5.6. கிட்டத்தட்ட டபுள்! பந்து எப்பவும் கையில இருந்ததால டர்ன்ஓவரும் கூடுச்சு. ஆனா அசிஸ்ட் கூடின அளவுக்கு இல்லை. இதுக்கு நடுவுல மேட்சுக்கு 28.6 பாயின்ட் அடிச்சு அந்த சீசன்ல நாட்டுலயே முதலிடம் வேற.

டீம் என்ன ஆச்சு? அந்த வருஷம் டேவிட்சன் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே தகுதி பெறலை! முந்தின வருஷம் சாம்பியனையே அலற விட்ட டீம், இந்த வருஷம் அடுத்த நிலைப் போட்டியில ரெண்டாவது சுற்றோட வீட்டுக்கு வந்துடுச்சு. சீனியர்கள் போயாச்சு, முக்கியமான ஆள் புது வேலை கத்துக்கிட்டு இருக்கார். ஜெயிக்கிற வேகம் குறையத்தான் செய்யும்.

நம்ம காலேஜா இருந்தா என்ன சொல்லியிருப்போம்? 'போன வருஷம் எப்படி ஆடுனான், இந்த வருஷம் ஹெட்வெயிட்டு'ன்னு கேன்டீன்ல தீர்ப்பு எழுதியிருப்போம். ஒருத்தர் வளர்றதும் டீம் ஜெயிக்கிறதும் ஒரே வருஷத்துல நடக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை மச்சி!

அதே சீசன்ல ஒரு கூத்து நடந்தது. 2008 நவம்பர்ல லயோலா டீம் (நம்ம சென்னை லயோலா இல்லை, அமெரிக்காவுல மேரிலாண்ட் லயோலா). கரியை அடிக்க விடக் கூடாதுன்னு மேட்ச் முழுக்க ரெண்டு பேரை அவர்மேலயே ஒட்ட வெச்சிட்டாங்க. கரி என்ன செஞ்சார் தெரியுமா? கோர்ட்டோட மூலையில போய் நின்னுக்கிட்டார்! ரெண்டு பேரும் பின்னாடியே போய் நின்னாங்க. மிச்சம் என்ன? நம்மாளுங்க நாலு பேர், எதிரணி மூணு பேர். சிம்பிள் அரித்மெட்டிக். டேவிட்சன் 78, லயோலா 48. கரி எடுத்தது ஜீரோ.

ஜீரோ எடுத்து 30 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிக்க வெச்ச அந்த மேட்சை, அவர் பாயின்ட் கார்டு ஆனதுக்கான சர்ட்டிஃபிகேட்னே சொல்லலாம்.

நிபுணர்களும் சறுக்குவாங்க

2009 என்.பி.ஏ. டிராஃப்ட். புது பிளேயர்களை டீம்கள் வரிசையா எடுக்குற நாள். மினசோட்டா டீமுக்கு அடுத்தடுத்து ரெண்டு சான்ஸ், 5வதும் 6வதும். ரெண்டுலயும் பாயின்ட் கார்டையே எடுத்தாங்க. ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். கரியை விட்டுட்டாங்க! 7வதா கோல்டன் ஸ்டேட் எடுத்துக்கிச்சு. ஃப்ளின் மூணே சீசன்ல என்.பி.ஏ.வை விட்டே போயிட்டார். கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற நிபுணர்களே பாயின்ட் கார்டோட எதிர்காலத்தை இப்படித்தான் கணிக்கிறாங்க. அப்போ செலக்‌ஷன் ட்ரையல்ல பத்து நிமிஷம் பார்த்துட்டு உங்களை 'வேணாம்'னு சொன்னவங்க சொன்னது மட்டும் கடைசித் தீர்ப்பா?

உயரம் பத்திப் பேசுறவங்களுக்கு ஒரே பதில், மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம். 14 சீசன் என்.பி.ஏ. ஆடினார். கரியோட அப்பா டெல் கரி ஆடின ஷார்லட் டீம்லயே அவரும் பாயின்ட் கார்டு. ரிங் உயரம் 10 அடி. அது எல்லாருக்கும் ஒண்ணுதான். பந்து தரையில படுற இடம் அதைவிடப் பொது. அங்க குட்டையானவர்தான் ராஜா!

ஸ்டீவ் நாஷைப் பாருங்க. கனடாவுல ஸ்கூல் படிச்ச அவருக்கு ஸ்காலர்ஷிப் தர்றேன்னு சொன்னது சான்டா கிளாராங்கிற ஒரே ஒரு காலேஜ். கேம்பஸ்ல கிளாஸுக்குப் போகும்போதும் வரும்போதும் டென்னிஸ் பந்தைத் தட்டிக்கிட்டே நடப்பாராம். பின்னாடி 2005, 2006னு ரெண்டு வருஷம் என்.பி.ஏ. எம்.வி.பி. டென்னிஸ் பந்துக்கு நம்ம ஊர்ல பஞ்சமா என்ன? கிரிக்கெட் கிட் பேக்ல கிடக்கும், எடுங்க.

நம்ம ஊரு கதைக்கு வருவோம்

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். இந்த ரோட்டை ஒட்டியும் கொஞ்சம் தள்ளியும் எத்தனை காலேஜ்! ராஜபாளையத்துல ராஜூக்கள் கல்லூரி, வடக்கு வெங்காநல்லூர்ல ராம்கோ இன்ஜினீயரிங் காலேஜ், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரைப் பக்கம் போனா கிருஷ்ணன்கோவில்ல கலசலிங்கம். மில்லு சங்கு ஊதுறதும், பால்கோவா கடை வாசனையும், மேற்குத் தொடர்ச்சி மலையும் நமக்குப் பழகிப்போச்சு. ஆனா ஒரு பாயின்ட் கார்டுக்கு இந்த ஊரு எப்படி?

முதல் விஷயம், நம்ம பக்கம் பெரும்பாலும் ஓப்பன் கோர்ட்டுதான். ஆடிக் காத்து அடிக்கிற மாசத்துல த்ரீ பாயின்ட்டர் போட்டுப் பழகுறது தலைவலி. பந்து ஒரு பக்கம், ரிங் ஒரு பக்கம். ஆனா டிரிபிளுக்கும் பாஸுக்கும் காத்து ஒண்ணும் செய்யாது. பாயின்ட் கார்டுக்கு வேண்டிய முக்கால்வாசிப் பயிற்சிக்கு இண்டோர் ஸ்டேடியம் தேவையே இல்லை.

ரெண்டாவது விஷயம், ஏணி. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜ்கள் முதல்ல மண்டல அளவுல மோதும். அப்புறம் மண்டலங்களுக்கு இடையில. அங்க நல்லா ஆடுறவங்களை வெச்சு யுனிவர்சிட்டி டீம். அந்த டீம் தென்மண்டலப் போட்டிக்கும், அதுல தேறினா அகில இந்தியப் போட்டிக்கும் போகும். சிக்கல் என்னன்னா, உங்க காலேஜ் டீம் மண்டலத்துல முதல் ரவுண்டுலயே தோத்தா, வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச்தான் உங்களைப் பார்க்க ஆளுங்களுக்குக் கிடைக்கும். நாலு வருஷத்துக்கு நாலு மேட்ச்! ஷூட்டர் அந்த ஒரு மேட்ச்ல 30 பாயின்ட் அடிச்சுக் காட்டிடலாம். பாயின்ட் கார்டு எதைக் காட்டுவார்? பாஸ் வாங்கினவன் ஈஸி பந்தை வெளிய போட்டா அசிஸ்ட்டும் கிடையாது.

அதனாலதான் நம்ம பக்கத்துல பாயின்ட் கார்டுகள் பாதியில ஷூட்டரா மாறுறாங்க. இல்லைன்னா தேர்ட் இயர்ல ஷூவைக் கழட்டி ஹாஸ்டல் பரண்ல போட்டுட்டு பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் புக்கைத் தூக்குறாங்க. தப்புன்னு சொல்லலை. வீட்டு நிலைமை அப்படி. ஆனா, வளர்ற வயசுல ஆட மேட்ச் இல்லாததாலயே ஒருத்தர் 'எனக்கு இவ்ளோதான்'னு முடிவு பண்றது சரியில்லை.

அதுக்கு ஒரு வழி இருக்கு. பக்கத்துப் பக்கத்துல இத்தனை காலேஜ் இருக்கே! சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பஸ் டிக்கெட் செலவுல ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடலாம். கோப்பை வேணாம், சீஃப் கெஸ்ட் வேணாம், பொன்னாடை வேணாம். ஸ்கோர் ஷீட் எழுத ஒரு ஆள், விசில் அடிக்க ஒரு ஆள். மாசம் ரெண்டு மேட்ச்னா கூட ஒரு செமஸ்டர்ல எட்டு, பத்து ஆகிடும். நாலு வருஷத்து மண்டல மேட்சை விட அதிகம்! பி.டி. சாருங்ககிட்ட பெர்மிஷன் கேட்டுப் பாருங்க. பெரும்பாலான சார்களுக்கு ஸ்டூடன்ட்ஸே முன்வந்து கேட்டா சந்தோஷம்தான்.

நோட்டு போடுங்க!

நாம இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ் இல்லையா? லேப்ல ரீடிங் எடுக்காம கிராஃப் வரைய முடியாது. (சிலர் வரைவாங்க. அது வேற கதை!) பிராக்டீஸ் மேட்சுக்கும் ரீடிங் எடுங்க. ஒரு குயர் நோட்டு போதும். ஃப்ரெண்டு ஒருத்தரை ஓரமா உட்கார வெச்சு இதையெல்லாம் எழுதச் சொல்லுங்க:

* அசிஸ்ட் எத்தனை, டர்ன்ஓவர் எத்தனை. முதலாவதை ரெண்டாவதால வகுங்க. ஒண்ணுக்குக் கீழே வந்தா பந்து உங்க கையில இருக்கறது டீமுக்கு நஷ்டம். ரெண்டைத் தாண்டினா நீங்க நல்ல ரூட்ல போறீங்க.

* டர்ன்ஓவர் எதனால? மோசமான பாஸா, டிரிபிள்ல பறிகொடுத்ததா, டிராவலிங்கா, 8 செகண்ட், 24 செகண்ட் ரூலா? '13 தப்பு'ன்னு மொத்தமா பார்த்தா பயம்தான் வரும். வகை பிரிச்சா வேலை தெரியும்.

* பாஸ் சரியாப் போயும் எதிர்ல இருந்தவர் மிஸ் பண்ணினதைத் தனிக் கட்டத்துல போடுங்க. அசிஸ்ட் கணக்குல வராத உங்க நல்ல வேலை அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

* இடது கையில எத்தனை தடவை தாண்டினீங்க? பெரும்பாலும் ஜீரோன்னுதான் வரும். நாலு நாள் எல்லாத்தையும் இடது கையாலயே பண்ணுங்க. அசிங்கமாத்தான் இருக்கும். ஸ்கூல்ல படிக்கும்போது ஒரு லீவு முழுக்க கரி ஷூட்டிங் ஸ்டைலையே மாத்தினார். இடுப்புக்குப் பக்கத்துல இருந்து தூக்கி எறிஞ்சதை, தலைக்கு மேல இருந்து விடுற மாதிரி. அந்த நாட்கள்ல கிட்டத்துல இருந்து போட்டாலே விழலையாம்.

* மேட்ச்ல எப்ப கேட்டாலும் மூணு விஷயம் டக்குன்னு சொல்லத் தெரியணும்: எவ்ளோ நேரம் மிச்சம், எதிரணிக்கு இந்த குவார்ட்டர்ல எத்தனை டீம் ஃபவுல் (அஞ்சாவதுல இருந்து நமக்கு ஃப்ரீ த்ரோ!), நம்மகிட்ட டைம் அவுட் இருக்கா. இதுக்கு உயரமும் வேணாம், ஜிம் பாடியும் வேணாம்.

* கணுக்கால். கரிக்கே 2011லயும் 2012லயும் கணுக்கால்ல ஆபரேஷன் நடந்தது. சுளுக்குன கால்ல எண்ணெய் தேய்ச்சுட்டு மறுநாளே ஆடுறது வீரம் இல்லை. டாக்டரைப் பாருங்க. தினமும் அஞ்சு நிமிஷம் ஒத்தைக் கால்ல நின்னு பழகுங்க.

பால்கோவா கிண்டுறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? அடுப்பு முன்னாடி நின்னு விடாம கிண்டணும். ரொம்ப நேரம் வெறும் பாலாத்தான் தெரியும். 'இது எங்க திரளப் போகுது'ன்னு கரண்டியை வெச்சுட்டுப் போனா அடிப்பிடிச்சிடும். நோட்டுல முதல் ரெண்டு மாசம் வர்ற நம்பரும் வெறும் பால்தான்.

கேர்ள்ஸ், நீங்களும்தான்!

சென்னை அனிதா பால்துரையைத் தெரியுமா? 2000ல இந்திய டீமுக்குள்ள வந்து, 19 வயசுலயே கேப்டன் ஆனவர். இதுவும் காலேஜ் வயசுதான். தன்னைவிட மூத்த அக்காக்களுக்கு கோர்ட்ல வழி சொல்ற பொறுப்பு. கல்யாணம், குழந்தைன்னு வந்ததும் ஸ்போர்ட்ஸ் முடிஞ்சுதுன்னு நினைக்கிற ஊர்ல, அம்மா ஆனதுக்கு அப்புறம் திரும்ப வந்து ஆடினார். 2017ல பெங்களூர்ல நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை டிவிஷன் பி போட்டியை இந்தியா ஜெயிச்சப்போ அவரும் டீம்ல இருந்தார். 2021ல பத்மஸ்ரீ. பதினேழு, பதினெட்டு வருஷம் இந்தியாவுக்கு ஆடுறதுக்கு, குதிக்கிற சக்தி மட்டும் போதாது. ஆட்டத்தைப் படிக்கிற மூளை வேணும். அது வயசு ஆக ஆக கூர்மையாகத்தான் ஆகும்.

வேலை விஷயத்தையும் பேசிடலாம். ரயில்வே, ஐ.ஓ.பி. மாதிரி இடங்கள்ல பாஸ்கெட்பால் டீம் இருக்கு. தமிழக அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதுக்கெல்லாம் மாநில, தேசிய அளவு சர்ட்டிஃபிகேட் கேட்பாங்க. மண்டல மேட்ச்ல ஆடினது மட்டும் போதாது. அதனால படிப்பை விட்டுட்டு ஆடுங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வீட்டுல காட்ட ஒரு பாயின்ட் தர்றேன். கரி 2009ல டிகிரி முடிக்காமதான் என்.பி.ஏ. போனார். டேவிட்சன்ல ஒரு வழக்கம். டிகிரி வாங்கினாத்தான் பிளேயரோட ஜெர்சி நம்பருக்கு ஓய்வு கொடுத்து கௌரவிப்பாங்க. எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் சரி! கரி மிச்சப் படிப்பை முடிச்சு, 2022ல சோஷியாலஜியில பட்டம் வாங்கினார். அதுக்கு அப்புறம்தான் அதே வருஷம் அவரோட 30ம் நம்பர் ஜெர்சியை காலேஜ் கௌரவிச்சது. பட்டம் வாங்கினப்போ அவர்கிட்ட 3 சாம்பியன்ஷிப் இருந்தது. இருந்தும் அரியர் கிளியர் பண்ண வேண்டியிருந்தது!

ரிச்சர்ட்ஸ் என்ன ஆனார்?

அந்தக் கடைசி பந்தை அடிச்சாரே, ஜேசன் ரிச்சர்ட்ஸ். நாட்டுலயே அதிக அசிஸ்ட் கொடுத்தவர். அவரை டிராஃப்ட்ல எந்த டீமும் எடுக்கலை. மியாமி டீம் வரைக்கும் போனார். முழங்கால்ல அடி. என்.பி.ஏ.வுல ஒரு மேட்ச் கூட ஆட முடியலை. அப்புறம் கோச்சிங் பக்கம் போயிட்டார்.

ஒரே டீம், ரெண்டு கார்டு. ஒருத்தர் உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேரு. இன்னொருத்தரைத் தேடினாத்தான் கிடைக்கும். நாம கரி ஆவோமாங்கிறதுக்கு யாராலயும் உத்தரவாதம் தர முடியாது. உள்ளதைச் சொன்னா, நம்மள்ல ரிச்சர்ட்ஸ் ஆகுறவங்களே அபூர்வம். ஆனா கரி இன்னொரு வருஷம் காலேஜ்ல உட்கார்ந்து கத்துக்கிட்டது ரிச்சர்ட்ஸ் செஞ்ச வேலையைத்தான். முக்கியமான நேரத்துல நம்பிப் பந்தைக் கொடுத்ததும் அவர்கிட்டதான்.

அதனால உங்க டீம்ல பந்தைத் தட்டிட்டு வர்ற அந்த ஒல்லிப் பையனோ பொண்ணோ இந்த வாரம் சொதப்பினா, 'டேய், பெஞ்சுக்கு வா'ன்னு கத்துறதுக்கு முன்னாடி ஒரு நோட்டைக் கையில எடுங்க. எத்தனை தப்பு, எந்த வகைத் தப்பு, போன மாசத்தை விடக் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. குறைஞ்சிருந்தா விடாதீங்க, ஆட விடுங்க.

அந்த ஒல்லிப் பையன் நீங்களேன்னா? நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போங்க. இடது கையில ஆரம்பிங்க!